சீரியல் போர்ட் வழியாகத் தொடர்புக் கருவிக்குக் கட்டளை அனுப்புவது எப்படி: கேபிளிலிருந்து முதல் பதில் வரை

ஒரு ரேடியோ ரிசீவரைக் கணினியிலிருந்து சீரியல் போர்ட் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு) வழியாக இயக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னபோது, அரை நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முடிக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பதில் ஏழு நாள்கள் ஒரே காரணத்தால் வீணாயின: கருவி பதில் சொல்லாதபோது அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்று நினைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். கருவியின் மௌனத்துக்குக் கம்பி, வேகம், பிட் அமைப்பு, முகவரி, முடிவுக்குறி, இயக்க நிலை எனக் குறைந்தது ஆறு காரணங்கள் உண்டு. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் தீர்த்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போனால் இந்த வேலை உண்மையிலேயே ஒன்றிரண்டு நாளில் முடியும். அந்த வரிசைதான் இக்கட்டுரை.

கட்டளைகளை எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. கருவிகள் ஏற்பவை ஆங்கில எழுத்துகள். இங்கே அவற்றை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘எஃப்ஏ’ என்றால் அந்த இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் விசைப்பலகையில் தட்ட வேண்டும் என்று பொருள். பதினாறடிமான எண்களிலும் அப்படியே: ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள் 10 முதல் 15 வரையிலான மதிப்புகள்.

1. கேபிளைத் தொடும் முன் சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

கருவியோடு வரும் பயனர் கையேட்டில் தொலைக்கட்டுப்பாடு பற்றி அரைப்பக்கம் இருந்தாலே பெரிது. உங்களுக்குத் தேவையானது கட்டளைக் கையேடு. சில தயாரிப்பாளர்கள் அதைப் பயனர் கையேட்டின் கடைசிப் பின்னிணைப்பாக வைக்கிறார்கள், சிலர் தனி ஆவணமாகத் தருகிறார்கள், சிலர் கேட்டால்தான் அனுப்புகிறார்கள். கேட்டு வாங்கச் சில நாள்கள் ஆகலாம் என்பதால் இதை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

ஆவணம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கட்டளைப் பட்டியல் அன்று, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) பதிப்பு எண். கையேடு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, உங்கள் கருவியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். புதிய பதிப்பில் சேர்ந்த கட்டளையைப் பழைய கருவிக்கு அனுப்பினால் அது ‘தெரியாது’ என்றுதான் சொல்லும். நீங்களோ எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதே தாளில் இவற்றையும் நிரப்புங்கள்: மின் இணைப்பு வகை (ஆர்எஸ்-232 போன்றது), பாட் வேகம் (நொடிக்கு எத்தனை பிட்), தரவு பிட், பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கையை ஒற்றைப்படையாகவோ இரட்டைப்படையாகவோ ஆக்கச் சேர்க்கும் சரிபார்ப்பு பிட்), நிறுத்த பிட் (ஓர் எழுத்தின் முடிவைக் காட்டுவது), கருவி முகவரி, தொடக்கக்குறி, முடிவுக்குறி, செக்சம் (பிழை கண்டறியச் சேர்க்கும் சரிபார்ப்பு எண்) உண்டா, அமைப்புக் கட்டளைக்கு (மதிப்பை மாற்றும் கட்டளைக்கு) பதில் வருமா, இரண்டு கட்டளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும். நிரப்ப முடியாத இடங்களைக் காலியாக விடுங்கள். பின்னால் சிக்கல் வரும்போது, பத்தில் எட்டு முறை அது அந்தக் காலி இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

2. செலவு

கேபிளும், சீரியல் போர்ட் இல்லாத கணினிக்கு வேண்டிய யூஎஸ்பி அடாப்டரும் மலிவானவை. இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். அடாப்டரில் போலிச் சில்லுகள் சந்தையில் உண்டு. அவை டிரைவர் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் வேலை செய்ய மறுக்கும், அல்லது நீண்ட பதிலின் நடுவே ஓரிரு பைட்டுகளை விழுங்கும். இரண்டாவது வகைக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் போகும் நேரத்தின் விலை பல நல்ல அடாப்டர்களின் விலையை மிஞ்சும்.

கவனிக்க வேண்டிய பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது. சில கருவிகளில் பின்பக்கம் கனெக்டர் இருந்தாலும் தொலைக்கட்டுப்பாட்டு வசதி தனி உரிமமாகவோ தனிப் பலகையாகவோ விற்கப்படும். வாங்கும் ஆணை எழுதும் முன்பே, ‘கேள்வி கேட்பதற்கும் அமைப்பை மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டுமா’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்; கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி, அமைப்புக் கட்டளைகளை மறுக்கும் கருவிகளும் உண்டு. கருவி தொலைவில், வேறு மின்னிணைப்பில் இருந்தால், தரைமுனை வேறுபாட்டிலிருந்து கணினியைக் காக்க மின்தனிமைப்படுத்தி ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

3. கம்பி

ஒன்பது முனைக் கனெக்டரைப் பார்த்தவுடன் ஆர்எஸ்-232 (கணினிகளின் வழக்கமான சீரியல் இணைப்பு முறை) என்று முடிவு கட்டாதீர்கள். அதே கனெக்டரில் ஆர்எஸ்-422, ஆர்எஸ்-485 என்ற வேறு இணைப்பு முறைகளும் வரும். சிறு கருவிகளில் 3.3 அல்லது 5 வோல்ட் அளவில் இயங்கும் டிடிஎல் வரிகள் நேரடியாக வெளியே வந்திருக்கும். ஆர்எஸ்-232 வரியில் நேர்மறை, எதிர்மறை என இருபுறமும் பத்து வோல்ட்டுக்கு மேல்கூடப் போகலாம். அதை டிடிஎல் முனையில் செருகினால் கருவியின் உள்ளீடு எரியக்கூடும். இந்த வழிகாட்டியில் பணம் உடனடியாகக் கருகும் இடம் இது ஒன்றுதான்.

ஆர்எஸ்-232 என்றால் மூன்று கம்பிகள் போதும். கணினிப் பக்கத்தில் 2 வாங்கும் முனை, 3 அனுப்பும் முனை, 5 தரைமுனை. கருவியும் கணினியைப் போலவே அமைக்கப்பட்டிருந்தால் 2-க்கும் 3-க்கும் குறுக்குக் கேபிள் வேண்டும். மோடம் போல அமைக்கப்பட்டிருந்தால் நேர்க் கேபிள். எது என்று கையேட்டைப் புரட்டுவதைவிட மல்டிமீட்டர் விரைவாகச் சொல்லும். கேபிள் எதையும் செருகாமல், மின்சாரம் போட்ட நிலையில், கருவியின் 5-ஆம் முனையில் கருப்பு முள்ளை வைத்து 2-ஐயும் 3-ஐயும் அளந்து பாருங்கள். அனுப்பும் முனை சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டும். வாங்கும் முனை சுழிக்கு அருகில் நிற்கும். மைனஸ் 3-ஐ எதிலும் எட்டவில்லை என்றால் அது ஆர்எஸ்-232 அல்லாமல் இருக்கலாம். செருகுவதற்கு முன் நிறுத்துங்கள்.

பிறகு உங்கள் பக்கத்தைச் சோதியுங்கள். அடாப்டரின் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, டெர்மினல் நிரலில் (தட்டியதைப் போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் நிரல்) எதையாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கணினி, டிரைவர், அடாப்டர் மூன்றும் நலம். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நான் இதை ஆறாம் நாள்தான் செய்தேன்.

ஆர்எஸ்-485 என்றால் இரண்டு சிக்கல்கள். ஏ, பி என்ற முனைப் பெயர்களைத் தயாரிப்பாளர்கள் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை; ஒருவரின் ஏ இன்னொருவரின் பி. மௌனம் என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கருவிக்குக் கேடு வராது. இரண்டாவது, நீண்ட வரியின் இரு கோடிகளிலும் 120 ஓம் முடிவு மின்தடை வேண்டும். நடுவிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் அதைப் போட்டு வைத்தால் வரியில் சிக்னல் வலுவிழந்துவிடும்.

4. வேகமும் பிட் அமைப்பும்

தாளில் எழுதியதை அப்படியே டெர்மினல் நிரலில் அமையுங்கள். பெரும்பாலான கருவிகள் 9600 பாட், 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்ற அமைப்பில் தொடங்கும். ஆனால் 7 பிட், இரட்டைப் பாரிட்டி என்று வரும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளும், 2 நிறுத்த பிட் கேட்கும் அமெச்சூர் ரேடியோக்களும் உண்டு. ஓட்டக் கட்டுப்பாட்டை (இப்போது அனுப்பலாமா என்று இரு பக்கமும் அனுமதி கேட்கும் முறை) முதலில் அணைத்து வையுங்கள். மூன்று கம்பிக் கேபிளில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை இயக்கினால், வராத அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே இருக்கும்.

வரும் குப்பையின் வடிவமே தவறு எங்கே என்று சொல்லும். எதுவுமே வரவில்லை என்றால் கம்பிக்குத் திரும்புங்கள். எல்லாமே குப்பை என்றால் வேகம் தவறு. பாதி எழுத்துகள் சரியாகவும் பாதி விசித்திரக் குறிகளாகவும் வந்தால் பாரிட்டி தவறு. கருவி 7 பிட், இரட்டைப் பாரிட்டியில் பேச, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்த பிட் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, ஆதலால் பைட்டுகள் தடையின்றி வரும். ‘ஏ’ எழுத்தின் எண் 65. அதன் இரும வடிவில் ஒன்றுகள் இரண்டு, இரட்டைப்படை. ஆகவே பாரிட்டி பிட் சுழி, எழுத்து ஒழுங்காகத் தெரியும். ‘சி’ எழுத்தின் எண் 67; அதில் மூன்று ஒன்றுகள். பாரிட்டி பிட் ஒன்றாகி எட்டாவது பிட்டின் இடத்தில் உட்கார, 67-க்குப் பதில் 195 வருகிறது. இந்த ‘பாதி நல்லது, பாதி கெட்டது’ என்ற தோற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

5. கட்டளையின் உடற்கூறு

எந்தக் கருவியாக இருந்தாலும் கட்டளையில் இருக்கும் உறுப்புகள் ஏறத்தாழ இவைதாம்: தொடக்கக்குறி, முகவரி, கட்டளைப் பெயர், கேள்வியா அமைப்பா என்று காட்டும் குறி, மதிப்பு, செக்சம், முடிவுக்குறி. சில குடும்பங்களில் சில உறுப்புகள் இருக்காது. உங்கள் கருவி எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் கையேட்டைப் படிப்பது பாதி எளிதாகும்.

ரேடியோ தயாரிப்பாளரான கென்வுட்டின் பாணி: இரண்டெழுத்துப் பெயர், மதிப்பு, அரைப்புள்ளி. ‘எஃப்ஏ;’ என்று அனுப்பினால் அலைவெண் என்ன என்ற கேள்வி. ‘எஃப்ஏ00014195000;’ என்றால் 14.195 மெகாஹெர்ட்ஸுக்கு மாறு என்ற ஆணை. மதிப்பு ஹெர்ட்ஸில், சரியாக 11 இலக்கங்கள், முன்னிருக்கும் சுழிகளோடு. ஒரு சுழியை விட்டாலும் ஏற்காது, ‘?;’ என்று திரும்பி வரும். ஏறத்தாழ இதே வடிவைப் பின்பற்றும் வேறு தயாரிப்பாளரின் புதிய மாடல்கள் சிலவற்றில் 9 இலக்கங்கள்தாம். வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு நிரலை அப்படியே எடுத்து இன்னொரு ரேடியோவில் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஐகாம் நிறுவனத்தின் சிஐ-வி: இதில் படிக்கக்கூடிய எழுத்துகள் இல்லை, எல்லாம் பைட்டுகள். அதே 14.195 மெகாஹெர்ட்ஸை ஐசி-7300 ரேடியோவுக்கு அமைக்க, பதினாறடிமானத்தில் எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 50 19 14 00 எஃப்டி என்று அனுப்ப வேண்டும். முதல் இரண்டும் தொடக்கக்குறி. 94 ரேடியோவின் முகவரி, இ0 கணினியின் முகவரி, 05 அலைவெண் அமைக்கும் கட்டளை, எஃப்டி முடிவு. நடுவிலுள்ள ஐந்து பைட்டுகள்தாம் புதியவர்களை வதைப்பவை. 0014195000 என்ற பத்து இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்தால் 00, 14, 19, 50, 00. அவற்றைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பினால் மேலே கண்ட வரிசை. இங்கே 50 என்பது பதினாறடிமான 50, அதாவது சாதாரண எண் 80. நிரலில் வெறுமனே 50 என்று எழுதினால் வரியில் போவது 32. 14 என்று எழுதினால் போவது 0இ, அது பத்தடிமான இலக்கமே அன்று. ரேடியோ ஏற்றுக்கொண்டால் எஃப்பி என்ற பைட்டும் மறுத்தால் எஃப்ஏ என்ற பைட்டும் பதிலில் வரும்.

எஸ்சிபிஐ: அளவைக் கருவிகளுக்காக 1990-இல் வந்த தொகுப்பு, இப்போது பல ரிசீவர்களிலும் சிக்னல் ஜெனரேட்டர்களிலும் உண்டு. ‘*ஐடிஎன்?’ என்றால் நீ யார் என்ற கேள்வி; தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரும். கையேட்டில் கட்டளைப் பெயரின் ஒரு பகுதி பெரிய எழுத்திலும் மிச்சம் சிறிய எழுத்திலும் அச்சாகியிருக்கும். பெரிய எழுத்துப் பகுதியை மட்டும் அனுப்பலாம், முழுப் பெயரையும் அனுப்பலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட சுருக்கம் செல்லாது. நான்கு எழுத்து செல்லும், எட்டும் செல்லும், ஆறு செல்லாது என்பது முதலில் விநோதமாகத் தோன்றும்.

மோடம்களின் ஏடி கட்டளைகள்: 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த பாணி, இன்றைய செல்லுலார் மோடம்களும் இதைத்தான் பேசுகின்றன. இவை தொடக்கத்தில் நீங்கள் அனுப்பியதையே எதிரொலிக்கும். நிரல் அந்த எதிரொலியைப் பதிலென்று படித்துக் குழம்பும். ‘ஏடிஇ0’ அனுப்பி முதலில் அதை நிறுத்துங்கள். சிக்னல் வலுவை ‘ஏடி+சிஎஸ்க்யூ’ என்று கேட்டால் 20 என்பது போல ஓர் எண் வரும். அது டெசிபெல் அன்று. 0 முதல் 31 வரையிலான அளவுகோல். 0 என்பது மைனஸ் 113 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அல்லது அதற்கும் கீழ், ஒவ்வொரு படிக்கும் 2 டெசிபெல். ஆக 20 என்றால் மைனஸ் 73. 99 வந்தால் அளவு தெரியவில்லை என்று பொருள். அதை மிக வலுவான சிக்னல் என்று வரைபடத்தில் போட்டுக் காட்டியவன் நான்.

கையேட்டின் குறியீட்டு முறையையும் கவனியுங்கள். கோண அடைப்பும் சதுர அடைப்பும் பெரும்பாலும் விளக்கத்துக்காக அச்சிடப்பட்டவை, தட்ட வேண்டியவை அல்ல. ஆனால் சில செயற்கைக்கோள் மோடம்களில் கோண அடைப்புதான் தொடக்கக்குறி; அதைத் தட்டாவிட்டால் கருவி திரும்பிக்கூடப் பார்க்காது. எடுத்துக்காட்டுப் பகுதியில் இருக்கும் முழுக் கட்டளை ஒன்றைப் பார்த்து எது எதுவென்று முடிவு செய்யுங்கள். இன்னொன்று: உங்கள் கணினியின் வட்டார அமைப்பு தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் வகையாக இருந்தால், 14.195 என்பது 14,195 ஆகிக் கருவிக்குப் போகும். அது இரண்டு மதிப்புகள் என்று எடுத்துக்கொள்ளும்.

செக்சம் இருந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்த பைட்டிலிருந்து எந்த பைட்டு வரை, எந்தக் கணக்கு, எந்த வடிவில் அனுப்புவது. ‘எஃப்ஏ?’ என்ற மூன்று குறிகளின் எண்கள் 70, 65, 63. கூட்டினால் 198, எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் ஒன்று போடும் கணக்கு) செய்தால் 56. சரி, கூட்டல்தான் என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. 198 என்ற ஒரே பைட்டாக அனுப்ப வேண்டுமா, அல்லது பதினாறடிமானத்தில் ‘சி’, ‘6’ என்ற இரண்டு எழுத்துகளாக, அதாவது 67, 54 என்ற இரண்டு பைட்டுகளாக அனுப்ப வேண்டுமா? 7 பிட் அமைப்பில் 198 போகவே முடியாது என்பதால் அங்கே இரண்டாவதுதான் வழி. கையேட்டில் செக்சமோடு முடியும் ஓர் எடுத்துக்காட்டாவது இருந்தால் அதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போன பிறகே நிரல் எழுதுங்கள்.

6. முடிவுக்குறி

என் ஏழு நாள்களைத் தின்றது இது. கருவியை அணைத்துப் போட்டதும் முதல் கட்டளைக்கு அழகாகப் பதில் வரும், இரண்டாவதிலிருந்து மௌனம். சூடாவதால் பழுதாகிறது என்று நினைத்தேன். அடாப்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், காத்திருப்பு நேரத்தை ஐந்து நொடிக்கு உயர்த்தினேன்.

கருவி எதிர்பார்த்த முடிவுக்குறி சிஆர் மட்டும், அதாவது 13 என்ற ஒற்றை பைட். என் நிரல் அனுப்பியதோ சிஆர், எல்எஃப் என்ற இரண்டும், 13-ம் 10-ம். கருவி 13-ஐக் கண்டதும் கட்டளையை முடித்துப் பதில் சொன்னது. தங்கிப்போன 10 அடுத்த கட்டளையின் முதல் எழுத்தாக ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது, தெரியாததற்குப் பதில் சொல்லும் வழக்கமும் அதற்கு இல்லை. ஒவ்வொரு கட்டளையும் தன் பின்னால் ஒரு 10-ஐ விட்டுவிட்டுப் போனதால் எல்லாமே கெட்டன. திரையில் இது தெரியாது. 10 என்ற பைட்டுக்கு உருவம் இல்லை.

ஆகவே இரண்டு பழக்கங்கள். முதலாவது, அனுப்பியதையும் பெற்றதையும் எழுத்தாக மட்டும் பார்க்காமல் எண்ணாகவும் காட்டும் டெர்மினல் நிரலைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, உங்கள் கருவிகள் எதை அனுப்புகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்: புட்டி என்ற டெர்மினல் நிரலில் என்டர் விசை சிஆர் மட்டும் அனுப்பும், லினக்ஸ் கட்டளை வரியில் எக்கோ கட்டளை எல்எஃப் சேர்க்கும், போர்ட்டின் அமைப்பைப் பொறுத்து அது சிஆர், எல்எஃப் என்ற இரண்டாகவும் போகலாம். ‘புட்டியில் வேலை செய்கிறது, என் நிரலில் செய்யவில்லை’ என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

7. முதல் கட்டளை கேள்வியாகவே இருக்கட்டும்

இணைப்பைத் திறக்கும் முன் ஒலிபரப்பும் கருவிகளுக்கு ஒரு முன்னேற்பாடு அவசியம். சீரியல் போர்ட்டைத் திறந்த கணமே பல இயங்குதளங்கள் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கட்டுப்பாட்டு வரிகளையும் உயர்த்திவிடும். பல ரேடியோக்களில் அதே வரிகளை ஒலிபரப்பைத் தொடங்கும் விசையாக அமைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நீங்கள் ஒரு எழுத்தும் தட்டாத நிலையில் ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிடும். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் போலிச்சுமையை (ஆற்றலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) மாட்டுங்கள், ஒலிபரப்பு ஆற்றலைக் குறைந்த அளவில் வையுங்கள், கருவியின் மெனுவில் அந்த வசதியை அணையுங்கள். அதன்பிறகு போர்ட்டைத் திறக்கலாம்.

முதலில் அடையாளம் கேளுங்கள், அடுத்து அலைவெண்ணைக் கேளுங்கள். கேள்வி எதையும் மாற்றாது. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வந்த பிறகு, ஆபத்தில்லாத ஒன்றை, காட்சித்திரையின் வெளிச்சம் போன்ற ஒன்றை, மாற்றிப் பாருங்கள். கேள்விக்குப் பதில் வந்து, அமைப்பு மட்டும் மறுக்கப்பட்டால் கருவி உள்ளூர் இயக்க நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் ஒரு பொத்தானோ மெனுவில் ஒரு வரியோ அதைத் தொலைநிலைக்கு மாற்றும். உரிமம் பற்றி இரண்டாம் படியில் சொன்னதும் இங்கேதான் தலைகாட்டும்.

முகவரியிலும் ஒரு நுட்பம் உண்டு. எல்லாக் கருவிகளுக்குமான பொது முகவரியில் அனுப்பினால், பல கருவிகள் கீழ்ப்படியும், ஆனால் பதில் சொல்லாது; ஒரே வரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசக்கூடாது என்பதற்காக. முகவரி தெரியாமல் பொது முகவரியை வைத்துச் சோதிப்பவர்கள் கம்பியைச் சந்தேகிக்கிறார்கள்.

8. பதிலைப் படிப்பது

பதில் ஒரே துண்டாக வரும் என்று நம்பாதீர்கள். 14 எழுத்துப் பதிலில் முதல் படிப்பில் 8 வரலாம், மறு படிப்பில் 6 வரலாம். எத்தனை பைட் வந்தது என்று எண்ணாமல், முடிவுக்குறி வரும்வரை சேர்த்துக்கொண்டே போய், அதைக் கண்டதும் வெட்டுங்கள். மிச்சத்தை எறியாமல் அடுத்த பதிலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கம்பியில் இருவழியும் போகும் சிஐ-வி போன்ற இணைப்பில் நீங்கள் அனுப்பியதே முதலில் திரும்பி வரும். முகவரி வரிசையைப் பார்த்து அதைத் தள்ளுங்கள்.

கென்வுட் பாணியில் அமைப்புக் கட்டளை வெற்றி பெற்றால் பதிலே வராது. அங்கே மௌனம்தான் சம்மதம். அதை நம்பி விட்டுவிடாமல், அமைத்த உடனே அதே மதிப்பைத் திருப்பிக் கேட்டு ஒப்பிடுங்கள். எஸ்சிபிஐ கருவிகளில் பிழைகள் ஒரு வரிசையில் சேரும். பிழைக் கேள்வியை 0 வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டு வரிசையைக் காலி செய்தால்தான், இப்போது வந்தது எந்தக் கட்டளையின் பிழை என்று தெரியும். மைனஸ் 113 என்றால் கட்டளைப் பெயரே தெரியவில்லை, மைனஸ் 222 என்றால் பெயர் சரி, மதிப்பு எல்லைக்கு வெளியே.

சரி என்ற பதிலுக்குக் கட்டளை புரிந்தது என்பது மட்டுமே பொருள். வேலை முடிந்தது என்று பொருளாகாது. அலைவெண்ணை மாற்றியதும் உள்ளிருக்கும் சின்தசைசர் (அலைவெண்ணை உருவாக்கும் சுற்று) நிலைபெறச் சிறிது நேரம் எடுக்கும். பூட்டு நிலையை, அதாவது அது நிலைபெற்றுவிட்டதா என்பதை, கேட்கும் கட்டளை இருந்தால் அதைக் கேட்டு உறுதி செய்த பிறகே ஒலிபரப்பை இயக்குங்கள். வரிசை எப்போதும் இதுதான்: ஒலிபரப்பை நிறுத்து, அலைவெண், ஆற்றல், பூட்டு உறுதி, கடைசியில் ஒலிபரப்பு.

9. நேரக் கணக்கு

8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்றால், தொடக்க பிட்டையும் சேர்த்து ஒரு எழுத்துக்கு 10 பிட். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள், ஒன்றுக்குச் சுமார் 1.04 மில்லிநொடி. ‘எஃப்ஏ;’ என்ற 3 எழுத்துக் கேள்வியும் 14 எழுத்துப் பதிலும் சேர்ந்தால் 18 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. இதே 1200 பாட் என்றால் 142 மில்லிநொடி. இதன்மேல் கருவி யோசிக்கும் நேரத்தையும் அடாப்டரின் தாமதத்தையும் சேருங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லுள்ள அடாப்டர்கள் சிறு பதில்களை இயல்பாக 16 மில்லிநொடி வரை தேக்கி வைத்துத் தரும், அந்த அளவை டிரைவர் அமைப்பில் குறைக்கலாம்.

காத்திருப்பு எல்லையை, கணக்கில் வரும் நேரத்தைப் போல் மூன்று நான்கு மடங்காக வையுங்கள். எல்லை கடந்தால் உடனே மறு கட்டளையை அனுப்பாமல், வந்து கிடப்பதைப் படித்து எறிந்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் தாமதமாக வந்த பழைய பதிலைப் புதிய கேள்வியின் பதிலாக எடுத்துக்கொண்டு, அதன்பின் எல்லாப் பதில்களும் ஒரு படி தள்ளியே வந்துகொண்டிருக்கும்: வெப்பநிலை கேட்ட இடத்தில் அலைவெண் நிற்கும்.

ஆர்எஸ்-485 இரு கம்பி வரியில், கடைசி பிட் போன பிறகே அனுப்பும் சுற்றை விடுவிக்க வேண்டும். முந்தினால் உங்கள் கடைசி பைட் வெட்டுப்படும், பிந்தினால் பதிலின் முதல் பைட் போய்விடும்.

10. நிரந்தரமாக ஓடவிடும் முன்

பல கருவிகள் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் எழுதிவைக்கின்றன. அத்தகைய நினைவகங்களின் எழுதும் தாங்குதிறன் பொதுவாக ஒரு லட்சம் முறை என்ற அளவில் சொல்லப்படுகிறது. நொடிக்கு ஒரு முறை அலைவெண்ணை மாற்றும் நிரல் 28 மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். சேமிக்காமல் மாற்றும் கட்டளை தனியாக இருக்கிறதா என்று கையேட்டில் தேடுங்கள். இல்லையென்றால், புதிய மதிப்பு பழையதிலிருந்து வேறுபட்டால் மட்டும் அனுப்புமாறு நிரலை எழுதுங்கள்.

பாட் வேகத்தையும் முகவரியையும் தொலைவிலிருந்து மாற்றாதீர்கள். மாற்றம் பாதியில் நின்றால் கருவி இருக்கும் இடத்துக்கு ஆள் போய்த்தான் மீட்க வேண்டும். யூஎஸ்பி அடாப்டரை வேறு துளையில் செருகினால் விண்டோஸில் போர்ட் எண் மாறிவிடலாம். லினக்ஸில் வரிசை எண்ணை அடிப்படையாகக் கொண்ட நிலையான பெயரால் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் போர்ட்டைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால், பெரும்பாலான விநியோகங்களில் உங்கள் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகும்.

11. தயாரிப்பாளரிடம் உதவி கேட்கும்போது

‘பதில் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால், கேபிளைச் சரிபாருங்கள் என்ற பதில் இரண்டு நாள் கழித்து வரும். முதல் படியில் நிரப்பிய தாள், கருவியின் ஃபர்ம்வேர் பதிப்பு, அனுப்பிய பைட்டுகளும் வந்த பைட்டுகளும் பதினாறடிமான எண்களாக மில்லிநொடி நேரக்குறியோடு இருக்கும் பதிவு, இந்த மூன்றையும் முதல் கடிதத்திலேயே இணையுங்கள். அப்படி ஒரு பதிவை அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 0டி-ஐ அடுத்து ஒரு 0ஏ நிற்பதை நான் பார்த்தேன். கடிதத்தை அனுப்பவில்லை.